வீதியோரத்தில் ஒரு நிமிடம்



மோட்டார் வண்டியில் செல்பவரைப் பொலீசார் வழிமறித்து நிறுத்துவது உலகெங்கும் அன்றாடம் நிகழ்வதொன்று. விளக்கு எரியவில்லை, வேகம் கூடிவிட்டது, ஆசனப்பட்டி கட்டப்படவில்லை என்று காரணம் ஏதோவொன்று இருக்கும். சாரதி கண்ணாடியை இறக்குகிறார், பத்திரங்களை நீட்டுகிறார், தண்டச்சீட்டை வாங்கிக்கொண்டோ, புத்திமதியைக் கேட்டுக்கொண்டோ புறப்பட்டுவிடுகிறார். ஐக்கிய அமெரிக்காவிலும் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. ஆயினும் அந்நாட்டில் ஒரு வேறுபாடு உண்டு. நிறுத்தப்பட்டவருடைய இடுப்பிலே, சட்டத்துக்கு முற்றிலும் அமைவாக, குண்டு ஏற்றிய கைத்துப்பாக்கியொன்று இருக்கக்கூடும். அவரை நோக்கி நடந்துவரும் பொலீஸ் உத்தியோகத்தரின் இடுப்பிலும் ஒன்று இருக்கிறது. முன்பின் அறியாத இருவர், இருவரும் ஆயுதம் தாங்கியவர்கள், இருவரும் சட்டத்தின் பக்கம் நிற்பவர்கள், வீதியோரத்திலே சந்திக்கின்றனர். அச்சந்திப்பில் யார் யாரை நம்புவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் உரிமையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் 1791 ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஆயுதம் வைத்திருப்பதற்கும் தாங்குவதற்கும் மக்களுக்குள்ள உரிமையை அது குறிப்பிடுகிறது. அவ்வுரிமை தனிமனிதனுக்கு உரியதா, அன்றி மாநிலங்களின் குடிப்படைகளுக்கு மாத்திரம் உரியதா என்று நெடுங்காலம் வாதிட்டனர். 2008 இல் ஹெலர் என்பவரின் வழக்கிலே அது தனிமனிதனுக்கு உரியதே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வீட்டினுள் வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றியது. 2022 இல் புரூவன் வழக்கிலே, அவ்வுரிமை வீட்டுப் படலையோடு நின்றுவிடுவதன்று, வெளியே செல்லும்போதும் உண்டு என்று அதே நீதிமன்றம் கூறியது. வெர்மொன்ற் மாநிலம் என்றுமே அனுமதிப்பத்திரம் கேட்டதில்லை. 2024 ஆம் ஆண்டு முடிவில், தகுதியுள்ள வயதுவந்தவர் எவரும் அனுமதிப்பத்திரமின்றியே கைத்துப்பாக்கியுடன் வெளியே நடமாடலாம் என்று விதித்திருந்த மாநிலங்கள் 29 ஆகும்.

இந்த உரிமை எக்காலத்திலும் எல்லோருக்கும் ஒரே அளவாகக் கிடைத்தது என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. பல இடங்களில் அனுமதி வழங்குவதும் மறுப்பதும் உள்ளூர் அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்திருந்தன. 1956 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், அலபாமா மாநிலத்து மொன்ற்கொமறி நகரிலே மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. அதன்பின் அவர் கைத்துப்பாக்கி தாங்குவதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். அகிம்சையின் பேரால் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற அவருக்கு அந்த அனுமதி மறுக்கப்பட்டது.

இனி வீதிக்கு வருவோம். துப்பாக்கியுடன் செல்லும் ஒருவரைப் பொலீசார் நிறுத்தினால் அவர் அதைத் தாமாகவே சொல்லவேண்டுமா? இக்கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்திலே ஒரே விடையில்லை. மிச்சிகன் மாநிலத்தில் உடனே சொல்லிவிடவேண்டும். வட கரோலினாவில் அனுமதி பெற்றவர் தாமே சொல்லவேண்டும். மினசோட்டாவில் உத்தியோகத்தர் கேட்டால் மாத்திரம் சொன்னாற் போதும். ஒகையோவில் முன்னர் தாமாகவே சொல்லவேண்டும் என்றிருந்த சட்டம், 2022 இல், கேட்டால் சொல்லவேண்டும் என்று மாற்றப்பட்டது. ஆகவே காலையில் ஒரு மாநிலத்திற் புறப்பட்டு மாலையில் இன்னொரு மாநிலத்தை அடைபவர், இடையிலே எல்லைப் பலகையைத் தாண்டும்போது தமது வாயைத் திறக்கவேண்டிய வேளையும் மாறிவிட்டதை அறிந்திருக்கவேண்டும். சட்டம் படித்தவர்களுக்கே தடுமாற்றந் தரும் விடயம் இது. சாதாரண மனிதன், பின்னாலே சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழலும்போது, எந்த மாநிலத்துச் சட்டத்தை நினைவுகூருவான்?

சொல்ல முயன்றும் சொல்லவிடாத சம்பவமும் உண்டு. ஒகையோவில் பழைய சட்டம் நடைமுறையிலிருந்த 2011 ஆம் ஆண்டில், கன்ரன் என்னும் நகரிலே ஒரு சாரதி தமது அனுமதிப்பத்திரத்தைக் கையில் ஏந்தியபடி துப்பாக்கியைப் பற்றிக் கூற முனைந்தார். உத்தியோகத்தர் அவரைப் பேசவேண்டாமென்று அதட்டினார். பின்னர் துப்பாக்கி இருப்பது தெரிந்ததும், ஏன் முன்னமே சொல்லவில்லை என்று சீறி, சுட்டுக் கொன்றுவிடுவேன் என்ற பொருள்பட மிரட்டிக் கைதும் செய்தார். பொலீஸ் வண்டியிலிருந்த ஒளிப்பதிவுக் கருவி யாவற்றையும் பதிந்திருந்தமையால் உண்மை வெளிவந்தது. சொல்லத் தவறினார் என்ற குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. அக்கருவி இல்லாதிருந்தால் யாருடைய சொல் எடுபட்டிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நீதிமன்றங்கள் உத்தியோகத்தரின் அச்சத்துக்கு நீண்ட காலமாகவே இடங்கொடுத்து வந்துள்ளன. 1968 இல் ரெறி என்பவரின் வழக்கிலே, எதிரே நிற்பவர் ஆயுதம் தாங்கியவரும் ஆபத்தானவரும் என நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தால் அவருடைய மேலாடையைத் தடவிச் சோதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1977 இல் மிம்ஸ் என்பவரின் வழக்கு வந்தது. காலாவதியான இலக்கத் தகட்டுக்காகப் பிலதெல்பியா நகரில் நிறுத்தப்பட்டவர் அவர். வண்டியைவிட்டு இறங்கச் சொன்னபோது சட்டையின்கீழ் ஏதோ புடைத்துக்கொண்டு தெரிந்தது, ரிவோல்வர் அகப்பட்டது. முறைப்படி நிறுத்தப்பட்ட எந்தச் சாரதியையும் வண்டியிலிருந்து இறங்கும்படி பணிக்கலாம் என்பதே தீர்ப்பு. 1983 இல் வந்த இன்னொரு தீர்ப்பு, ஆபத்துண்டு என்று தக்க காரணத்தோடு ஐயுற்றால் வண்டியின் உட்புறத்தையும் ஆயுதத்துக்காகத் தேடிப் பார்க்கலாம் என்றது.

இங்கே இலக்கணம் கற்றோர் ஒன்றைக் கவனிப்பார்கள். 'ஆயுதம் தாங்கியவரும் ஆபத்தானவரும்' என்பதில் உள்ள உம் எண்ணும்மை. அஃதாவது இரண்டு இயல்புகள் வேண்டும். ஒன்று மாத்திரம் போதாது. ஆயுதம் தாங்குவதே குற்றமாயிருந்த காலத்தில், ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று கொள்வதில் அவ்வளவு இடரில்லை. ஆயுதம் தாங்குவது உரிமையாகிவிட்ட பின்னர் என்செய்வது? நீதிபதிகளே இதில் ஒத்துப்போகவில்லை. 2015 இல் ஒரு சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒகையோ மாநிலத்து ரொலேடோ நகரிலே வெளிப்படையாகத் துப்பாக்கி தாங்கி நாயுடன் உலாவச் சென்ற ஒருவரைப் பற்றிய வழக்கில், சட்டம் அனுமதித்த செயல் ஒன்றையே சந்தேகத்துக்குக் காரணமாக்குதல் தகாது என்றது. 2017 இல் இன்னொரு சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், மேற்கு வேர்ஜீனியாவில் ஆசனப்பட்டி அணியாமைக்காக நிறுத்தப்பட்ட வண்டியிலிருந்த ஒருவரைப் பற்றிய வழக்கில், ஆயுதம் இருக்கிறது என்பதிலேயே ஆபத்தும் அடங்கியிருக்கிறது, அது சட்டப்படி தாங்கியதா அல்லவா என்பது பொருட்டன்று என்று பெரும்பான்மையாகத் தீர்த்தது. எண்ணும்மை அங்கே ஏதுவாக மாறிவிட்டது. உரிமையைப் பயன்படுத்தும் ஒருவனைப் பார்த்து, நீ அதைப் பயன்படுத்துவதனாலேயே சோதனைக்குரியவன் என்று கூறுவது முறையாகத் தோன்றவில்லை. அத்தீர்ப்பிலே மாறுபட்ட நீதிபதிகளும் ஏறத்தாழ இதையே கூறினர்.

ஆனால் பொலீஸ் உத்தியோகத்தரின் அச்சத்தை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. இருளிலே, முன்னால் நிற்கும் வண்டியினுள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய கைகள் எங்கே இருக்கின்றன என்று அறியாமல், தனியே நடந்துசெல்பவர் அவர். 1998 ஆம் ஆண்டு சனவரி 12 ஆந் திகதி யோர்ஜியா மாநிலத்தில், கைல் டிங்கெலர் என்னும் 22 வயது இளைஞர், வேகமாகச் சென்ற வண்டியொன்றை நிறுத்தினார். அதைச் செலுத்தியவர் வியற்நாம் போரிற் கலந்துகொண்ட பழைய போர்வீரர். அவர் வண்டியிலிருந்து நீண்ட துப்பாக்கியை எடுத்துச் சுட்டு அவ்விளைஞரைக் கொன்றார். கொலை முழுவதும் பொலீஸ் வண்டியின் கருவியிலே பதிவாகியது. அப்பதிவு அமெரிக்கா எங்கும் பொலீஸ் பயிற்சிக்கூடங்களிலே காட்டப்பட்டு வந்திருக்கிறது. தயங்கினால் இறப்பாய் என்பதே அதைப் பார்க்கும் புதிய உத்தியோகத்தரின் மனத்தில் தைக்கும் பாடம். அப்பாடத்தைக் கற்றவர், பின்னர் நிறுத்தும் ஆயிரம் வண்டிகளில் ஒவ்வொன்றையும் அந்த ஒரு வண்டியாகவே காணத் தலைப்படுகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர் சொல்வதுண்டு. அரள்வதற்கென்றே பயிற்சியளித்தால் என்ன நேரும் என்பதை மினசோட்டாவில் நடந்தது காட்டும்.

அம்மாநிலத்துச் செயின்ற் போல் நகரில், மொன்ரிசோரி முறைப் பாடசாலையொன்றின் போசனசாலையிலே பிலாந்தோ கஸ்ரில் என்பவர் மேற்பார்வையாளராகக் கடமையாற்றினார். வயது 32. கறுப்பினத்தவர். அங்கு பயின்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெயர்களை அவர் அறிந்திருந்தார் என்றும், எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதை மனத்தில் வைத்தே பரிமாறினார் என்றும் உடன் வேலைசெய்தோர் கூறினர். பாடசாலை நடத்திப் பார்த்தவர்களுக்கே இத்தகைய ஊழியர் ஒருவரின் பெறுமதி தெரியும். 2002 ஆம் ஆண்டு முதல் 46 தடவைக்குக் குறையாமல் பொலீசார் அவருடைய வண்டியை நிறுத்தியிருந்தனர். பெரும்பாலானவை அற்பமான போக்குவரத்துக் குறைகள். 2015 இல் அவர் உரிய முறைப்படி விண்ணப்பித்துக் கைத்துப்பாக்கி தாங்குவதற்கு அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தார்.

2016 யூலை 6 ஆந் திகதி இரவு 9 மணியளவில், பல்கன் ஹைற்ஸ் என்னும் ஊரிலே அவருடைய வண்டி மீண்டும் நிறுத்தப்பட்டது. அவருடன் தோழியும், பின்னாசனத்திலே அப்பெண்ணின் நான்கு வயது மகளும் இருந்தனர். நிறுத்தியவர் செயின்ற் அந்தனி நகரப் பொலீசைச் சேர்ந்த ஜெரோனிமோ யானெஸ். பிரேக் விளக்கு எரியவில்லை என்பது சாரதிக்குச் சொன்ன காரணம். வானொலிக் கருவியிற் சக உத்தியோகத்தருக்குச் சொன்ன காரணம் வேறு: சில நாட்களுக்கு முன் நடந்த கொள்ளையில் தேடப்படுபவரைப் போலச் சாரதி காணப்படுகிறார், அவருடைய மூக்கு அகன்றிருக்கிறது என்பது. கஸ்ரிலுக்கும் அக்கொள்ளைக்கும் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. யானெஸ் 2014 இல் 'குண்டு துளையாத போர்வீரன்' என்ற பொருள்படும் பெயருடைய பயிற்சியொன்றிற் கலந்துகொண்டவர் என்பதும் பின்னர் தெரியவந்தது.

அடுத்து நடந்ததைக் கருவி பதிந்திருக்கிறது. உத்தியோகத்தர் முகமன் கூறினார், சாரதியும் கூறினார். காப்புறுதிப் பத்திரத்தைச் சாரதி நீட்டினார். பிறகு, அமைதியான குரலில், 'ஐயா' என்று விளித்து, தம்மிடம் துப்பாக்கியொன்று இருப்பதைத் தாம் சொல்லவேண்டும் என்றார். கேட்டால் சொன்னாற் போதும் என்பதே அம்மாநிலச் சட்டம். கேளாமலே சொன்னார். அதை எடுக்கவேண்டாம் என்றார் உத்தியோகத்தர். தாம் அதை எடுக்கவில்லை என்றார் சாரதி. வெளியே எடுக்காதே என்று உத்தியோகத்தரின் குரல் உயர்ந்தது. அவர் எடுக்கவில்லை என்று அருகிலிருந்த பெண்ணும் சொன்னாள். ஏழு குண்டுகள் சுடப்பட்டன. ஐந்து அவருடைய உடலிற் பாய்ந்தன. துப்பாக்கி இருக்கிறது என்ற சொல்லுக்கும் அந்த வெடிகளுக்கும் இடையே சென்றது ஏறத்தாழப் பத்து விநாடி. உத்தியோகத்தர் கண்ணாடியருகே வந்த நேரத்திலிருந்து கணக்கிட்டாலும் ஒரு நிமிடம் ஆகவில்லை. அதை எடுக்கவில்லை என்பதே அவர் கடைசியாகச் சொல்ல முயன்றது. துப்பாக்கி பின்னர் அவருடைய காற்சட்டைப் பையிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் சுடும் அறையிலே குண்டு இருக்கவில்லை.

அருகிலிருந்த பெண், கைத்தொலைபேசி மூலம் அதன்பின் நடந்தவற்றை அக்கணமே உலகறியக் காட்டினாள். பொலீஸ் வண்டியினுள் விலங்கிடப்பட்டிருந்த தாயைத் தேற்றியவள் அந்த நான்கு வயதுக் குழந்தை.

2016 நவம்பரில் யானெஸ்மீது கொலையாகாத மனிதக்கொலைக் குற்றமும், வண்டியிலிருந்த மற்றிருவருக்கும் ஆபத்து விளையச் சுட்ட குற்றமும் சாட்டப்பட்டன. கஸ்ரில் துப்பாக்கியைப் பற்றியதைக் கண்டதாகவும், தம்முயிர் போய்விடும் என அஞ்சியதாகவும் அவர் சாட்சியமளித்தார். இறந்தவரின் இரத்தத்திலே கஞ்சாவின் கூறு காணப்பட்டது என்பதை எதிரித்தரப்பு பெரிதாக எடுத்துரைத்தது. சாரதிப் பத்திரத்தைக் கேட்டதால் அதை எடுக்கவே கையைக் கொண்டுபோனார் என்பது அப்பெண்ணின் கூற்று. யூரர் பன்னிருவர் ஐந்து நாள் ஆலோசித்து, 2017 யூன் 16 ஆந் திகதி எதிரியை எல்லாக் குற்றங்களிலிருந்தும் விடுவித்தனர். நகரசபை இறந்தவரின் குடும்பத்துக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் டொலர் கொடுத்து இணங்கிக்கொண்டது. யானெஸ் அப்பொலீசிலிருந்து விலகினார். அமெரிக்கச் சட்டம் யூரரைக் கேட்ட கேள்வி, உத்தியோகத்தரின் அச்சம் அந்நேரத்தில் நியாயமானதா என்பதே. சட்டத்துக்கு அமைந்து நடந்த சாரதியின் நம்பிக்கை நியாயமானதா என்று கேட்பதற்கு அங்கே இடமிருக்கவில்லை.

துப்பாக்கி உரிமைக்காகப் பெருங்குரல் எழுப்பும் தேசிய ரைபிள் சங்கம், மினசோட்டாவிலிருந்து வரும் செய்தி கவலைதருவது, முற்றாக விசாரிக்கப்படவேண்டும் என்று அப்போது ஓர் அறிக்கை விட்டது. இறந்தவரின் பெயர் அதில் இருக்கவில்லை. அச்சங்கத்தின் உறுப்பினர் பலருக்கே அது போதாததாகப்பட்டது.

இது நிறத்தைப் பொறுத்த விடயமா என்று சிலர் கேட்பர். ஒரு சம்பவத்தை வைத்து விடை கூறுதல் கடினம். ஆனால் வரலாறு ஒன்றைச் சொல்கிறது. 1966 இலும் 1967 இலும் கலிபோர்னியா மாநிலத்து ஒக்லண்ட் நகரிலே, கருஞ்சிறுத்தைகள் என்னும் கறுப்பின இயக்கத்தவர், பொலீசார் வண்டிகளை நிறுத்தும் இடங்களுக்குக் குண்டேற்றிய துப்பாக்கிகளுடனும் சட்டப் புத்தகங்களுடனும் சென்று, தூரத்தே நின்று கண்காணித்தனர். அக்காலத்துக் கலிபோர்னியாச் சட்டப்படி வெளிப்படையாகத் துப்பாக்கி தாங்குவது குற்றமன்று. அதை அறிந்தே சென்றனர். உடனே மல்போர்ட் என்னும் சட்டசபை உறுப்பினர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1967 மே 2 ஆந் திகதி இயக்கத்தவர் சிலர் துப்பாக்கியுடன் சக்கிரமென்ரோ நகரிலுள்ள சட்டசபைக் கட்டடத்துக்கே போயினர். அவ்வாண்டிலேயே மசோதா சட்டமாயிற்று. கையொப்பமிட்டவர் அப்போதைய ஆளுநர் றொனால்ட் ரீகன். குண்டேற்றிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் தாங்கும் வழக்கம், வேறு கைகள் அதைத் தாங்கத் தொடங்கியபோது, திடீரென்று பொறுக்கமுடியாததாயிற்று.

இன்று துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் தம்மிடம் வருவோருக்குப் பல அறிவுரைகள் கூறுகின்றனர். வண்டியை ஓரமாக நிறுத்தி உள்விளக்கை ஏற்றுக. இரு கைகளையும் சுக்கானின்மேல் விரித்து வைக்க. பத்திரங்களையும் துப்பாக்கியையும் ஒரே பக்கத்தில் வைக்கற்க. இவற்றுள் நுட்பமானது ஒன்று: 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது' என்று சொல்லவேண்டாம், தாம் அனுமதி பெற்றவர், இப்போது தாங்கியிருக்கிறார், என்ன செய்யவேண்டும் என்று கேட்கவேண்டும். ஏனெனில் 'துப்பாக்கி' என்ற சொல்லைப் பொலீசார் ஒருவரையொருவர் எச்சரிக்கும் கூக்குரலாகவே பழகியிருக்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் இவை யாவும் யாருக்குக் கூறப்படுகின்றன? நிறுத்தப்பட்ட குடிமகனுக்கு. அவர் அச்சப்படக்கூடாது, பதறக்கூடாது, கை நடுங்கக்கூடாது, சொற்களை அளந்து பேசவேண்டும். சம்பளமும் பயிற்சியும் பெற்ற உத்தியோகத்தருக்கு அஞ்சும் உரிமையைக் கொடுத்து, அஞ்சாதிருக்கும் கடமையை மற்றவர்மேற் சுமத்துவது தலைகீழான ஏற்பாடு.

அதை நிமிர்த்தும் முயற்சிகள் சிறிதளவு தொடங்கியுள்ளன. மினசோட்டாவில் 2020 இல் நிறைவேறிய சட்டம், பொலீசாருக்குப் போர்வீரர் பாணியிலான பயிற்சி அளிப்பதைத் தடைசெய்தது. ரெக்சாஸ் மாநிலத்தில் 2017 இல் ஒரு சட்டம் வந்தது. வண்டியைப் பொலீசார் நிறுத்தினால் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும், தம் உரிமை எது, கடமை எது என்பதை உயர்தர வகுப்பு மாணவருக்குப் பாடசாலையிலேயே கற்பிக்கவேண்டும் என்று அது விதித்தது. கணிதத்தோடும் சரித்திரத்தோடும் இதையும் ஒரு பாடமாகப் பிள்ளைகள் கற்கவேண்டியிருப்பது எந்த ஆசிரியருக்கும் மனவேதனை தருவதே. ஆயினும் அச்சட்டத்தை ஆக்கியோர் மாணவரோடு நின்றுவிடவில்லை. அதே பொருளைப் பொலீஸ் உத்தியோகத்தரும் தமது பயிற்சியிலே கற்கவேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள்.